மேகம் வாங்கிப்போன சும்மாடு

வாங்கும்போது வாய் நிறைய ‘அக்கா’. வாங்கிய பிறகு ஏன் என்று கேட்க நாதியில்லை. மேலே திரிகிற உன்னைத்தான் சொல்கிறேன். நீ செய்தது நியாயமா? கேட்கிறவர்களே சொல்லட்டும்.

அந்தக் காலத்தில் மேகம் மனிதரோடு பேசும்; மனிதரும் மேகத்தோடு மல்லுக்கு நிற்பார்கள். ஐப்பசி பிறந்தால் போதும், கீழைக்கடலில் குடம் நிறைய மொண்டு, வெறுந்தலையில் வைத்துக்கொண்டு தள்ளாடி வரும் மேகம். குடம் சாயும், கொட்டும். மாதம் முழுக்க வெயிலும் கிடையாது, நிலவும் கிடையாது.

சிலம்பாயி ஒண்டிக்கட்டை. முள்ளை வெட்டி, மேட்டைக் கரைத்து, தானே உண்டாக்கிய வயல் அவளுடையது. அதில் அதுதான் முதல் குறுவை. அறுத்த கட்டுகள் வயலில் கிடந்தன. இன்னும் ஒரு மழை அடித்தால் நெல் கதிரிலேயே முளைத்துவிடும். அப்புறம் சோறும் இல்லை, விதையும் இல்லை.

பௌர்ணமியன்று பொழுது சாயும் நேரம், வரப்பில் ஏறி நின்று கத்தினாள்.

“அடேய் மேகமே! உனக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?”

“ஏன்க்கா கத்துறே? நானா ஊத்துறேன்? குடம் உச்சியிலே உருளுது. மண்டை விண்விண்ணுங்குது.”

அண்ணாந்து பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வெறுந்தலையிலே குடம் தூக்குற மடையனை இப்பத்தான் பாக்குறேன்.” துணியை வளையமாக முறுக்கித் தலையில் வைத்திருந்த சும்மாட்டை எடுத்துக் காட்டினாள். “வேணுமா?”

“குடுக்கா!”

“சும்மாவா? மூணு நாளைக்குச் சொட்டு விழக்கூடாது.”

“ஐப்பசி என் மாசம். ஒரு நாழிகை தரேன்.”

“ஒரு நாழிகையிலே உன் மூக்கைத்தான் துடைக்கலாம். தலைவலியோடவே போய்ச் சேரு.” சும்மாட்டை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

“அக்கா, அக்கா! இந்த முழுநிலா ஏறி இறங்குற வரைக்கும். அதுக்கு மேலே முடியாது.”

“சரி. ஊத்துறதுக்கு முன்னாடி சும்மாட்டை எடுத்து நிலாவைச் சுத்தி வச்சுக் காட்டணும். விடிஞ்சதும் அது என் கைக்கு வந்தாகணும்.”

“உம்மேலே சத்தியம்!”

வீசி எறிந்தாள். சும்மாட்டின்மேல் குடம் ஆடாமல் உட்கார்ந்தது. மேகம் ஒதுங்கியது. அந்த ஐப்பசியில் முதல்முறையாக நிலா முழுசாகத் தெரிந்தது.

சிலம்பாயி கட்டுகளை வெறுந்தலையிலேயே வீட்டு வாசலுக்குச் சுமந்தாள். பிடரி கழன்றது. அடித்தாள், தூற்றினாள், அள்ளினாள். கடைசிக் குவியல் மிச்சம் இருக்கும்போது நிலவைச் சுற்றிச் சும்மாடு தெரிந்தது. அதையும் கூடையில் வாரிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். முதல் துளி அவள் குதிகாலில்தான் விழுந்தது. நெல் ஒன்றுகூட நனையவில்லை.

அன்று முதல்தான் ஐப்பசிப் பௌர்ணமியில் அடைமழையும் சற்று ஓய்ந்து நிலா முகம் காட்டுகிறது. அதைச் சுற்றி வட்டம் விழுந்தால் மழை வருகிறதென்று களத்து நெல்லை அள்ளி உள்ளே வைக்கிறோம். அதெல்லாம் சரிதான், மேகமே. விடிந்ததும் சிலம்பாயி நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது. வருஷா வருஷம் தூரத்தில் காட்டிவிட்டுக் கொண்டுபோகிறாயே, இந்த ஐப்பசிக்காவது அந்தச் சும்மாட்டைக் கீழே போடு!