நழுவும் இரண்டு பங்கு

“எல்லாம் சரியாத்தான் இருக்கு அமுதவல்லி. ஒளிதான் வெளியே வரமாட்டேங்குது.”

மூன்று பட்டம் பெற்ற டாக்டர் வேதாசலம், பட்டம் எதுவும் பெறாத தினக்கூலி உதவியாளர் அமுதவல்லியின் முன் நின்றார். அந்த லேசர் கூடத்தில் யாருக்குச் சிக்கல் வந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். வாசலில் இருக்கும் பெயர்ப் பலகைக்கு மட்டும் அது தெரியாது.

நான்கு மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது. லேசர் வேலை செய்யாவிட்டால் கூடத்துக்குப் பூட்டு. இப்போது மணி மூன்று.

“கண்ணாடி எத்தனை சார்?”

“ரெண்டு. எதிரெதிரா. நடுவுல படிகம். ஒளி ரெண்டுக்கும் நடுவுல போய்ப் போய் வந்து பெருகணும்.”

“முதல் கண்ணாடி?”

“விழுற ஒளியை முழுசாத் திருப்பிடும்.”

“ரெண்டாவது?”

“அதுவும்தான். முதல்ல வந்தது மட்டமான சரக்கும்மா. நூறு பங்கு விழுந்தா தொண்ணூத்தெட்டைத்தான் திருப்புது. ரெண்டு பங்கு அந்தப் பக்கமா நழுவிடுது. போன வாரமே தூக்கிப் போட்டுட்டு, நல்லதா ஒண்ணு மாட்டினேன்.”

அமுதவல்லி எழுந்தார்.

“வாங்க சார்.”

இயக்குநர் அறை வாசலில் நின்றார்.

“கதவுல காதை வைங்க.”

வைத்தார்.

“உங்களாலதான் சார் இந்த நிறுவனமே நிக்குது.” துணை இயக்குநரின் குரல்.

“நீங்க இல்லேன்னா நான் ஏதுய்யா?” இயக்குநரின் குரல்.

“நீங்க இமயமலை சார்!”

“நீர் அதுக்கும் மேல!”

கைதட்டல் கேட்டது. உள்ளே இருந்தது இரண்டே பேர்.

“புகழ்ச்சி ஏறிக்கிட்டே போகுதா சார்?” அமுதவல்லி டாக்டரிடம் கேட்டார்.

“பிரமாதமா ஏறுது.”

“எங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நாங்க எழுதின மனு இந்த அறைக்குள்ள போய்ப் பதினோரு மாசம். ஏதாவது வெளியே வந்துச்சா?”

“எங்கே வந்தது? உள்ளேயே...”

டாக்டர் நிறுத்தினார்.

பிறகு ஓடினார். கூடத்துக் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து, வெள்ளைக் கோட்டோடு மண்டியிட்டுக் கிளறினார்.

அமுதவல்லி நிதானமாக வந்தார். தன் இழுப்பறையிலிருந்து மெல்லிய தாளில் பொதிந்த அந்தப் பழைய கண்ணாடியை எடுத்தார்.

“ஓரத்தைப் பிடிங்க சார். கைரேகை படும்.”

மூன்றே முக்காலுக்கு எதிர்ச்சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது.

டாக்டருக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“ஏம்மா, தூக்கிப் போட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“கதவுக்கு வெளியே நின்னு சொன்னேன் சார். அன்னைக்கு நீங்களும் அந்த அறைக்குள்ளதான் இருந்தீங்க.”