லேமினேஷன் போட்ட உத்தரவு

அந்த அங்கன்வாடிக்கு வட்டார அதிகாரி ஞானதுரை ஓர் உத்தரவு அனுப்பினார். இயற்கைப் பொருள் எது, செயற்கைப் பொருள் எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் பார்வையிட வரும்போது செயற்கைப் பொருள் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. இருந்தால் உதவியாளர் மாரிக்கண்ணுவுக்கு வேலை இருக்காது.

மாரிக்கண்ணு போன் போட்டாள். "தண்ணிக் குடமே பிளாஸ்டிக் சார். பிள்ளைங்க படுக்கிற பாயும் பிளாஸ்டிக்."

"உத்தரவுன்னா உத்தரவு" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை குடம், பாய், பொம்மை எல்லாம் வாசலில் குவிந்து கிடந்தன. உள்ளே நுழையப்போன அதிகாரியை நான்கு வயது ரோசிலி கையை நீட்டி மறித்தாள்.

"உங்க ஷூ மரத்துல காய்ச்சுதா, மண்ணுல கெடைச்சுதா?"

"கம்பெனியில செஞ்சது பாப்பா."

"அப்போ வெளிய வைங்க."

ஷூ போனது. பேனா, கைக்கடிகாரம், செல்போன் போயின. ரெக்சின் பெல்ட்டும் போனது. பேன்ட்டும் பாலியெஸ்டர்தான், அதை மட்டும் மாரிக்கண்ணு கண்டுகொள்ளவில்லை. அவர் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து நாற்காலியைத் தேடினார். அதுவும் வாசலில் இருந்தது.

"இப்படியெல்லாமா எழுதியிருந்தேன்? என் உத்தரவை எடும்மா, பார்க்கலாம்."

"அதுவும் வாசல்லதான் சார் கெடக்கு. நீங்க லேமினேஷன் போட்டுல்ல அனுப்பியிருந்தீங்க. ரோசிலிதான் கண்டுபிடிச்சா."

அதிகாரி வாசலை எட்டிப் பார்த்தார்.

"சரி, உள்ளே எடுத்துட்டு வா."

"உத்தரவை மட்டுமா சார், எல்லாத்தையுமா?"

அவர் பேன்ட்டை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும்" என்றார். "முதல்ல பெல்ட்டு."