பரண்மேல் ஒரு மான்

முன்னொரு காலத்தில் செவ்வரை நாட்டை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல ராஜாதான். ஆனால் ஒன்றின்மேல் ஆசை வந்துவிட்டால் அது தீரும்வரை வேறு எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

அந்த வருஷம் அவருக்கு வந்தது மான் வேட்டை ஆசை. கிளப்பிவிட்டவர் வேட்டை அதிகாரி வீரகண்டர். காட்டுச் சுனையருகே ஓங்கி நின்ற மருத மரத்தில் பரண் கட்டி, மெத்தை விரித்து, ஏணியும் சாத்திக் கொடுத்தார். ராஜா மேலே சுகமாக உட்கார்ந்துகொள்வார். மானை அவர் முன்னால் விரட்டி வர ஆள் வேண்டுமே? வீட்டுக்கு ஒருவர் காட்டுக்குப் போய்த் தப்பட்டை அடிக்க வேண்டும் என்று உத்தரவு பறந்தது. அதுவும் அறுவடைக் காலத்தில். ராஜா ஒரு மானைக்கூட வீழ்த்தியபாடில்லை. வயலில் முற்றிய நெல் உதிர்ந்துகொண்டிருந்தது.

மந்திரி குழைக்காதருக்குப் பொறுக்கவில்லை. சபையில் எழுந்தார்.

"கோமானே, இந்த வாரமும் போனால் அறுக்க வைக்கோல்தான் மிஞ்சும். ஆட்களை வயலுக்கு அனுப்புங்கள். ஓசைப்படாமல் நடந்து மானை நெருங்குவதல்லவா வேட்டை? இங்கே தாங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஊரே நடக்கிறது."

மந்திரி பதவிமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த வீரகண்டர், இதுதான் சமயம் என்று எழுந்தார். "நியாயமான பேச்சு. நடந்து வேட்டையாடுவது எப்படி என்று மந்திரியாரே காட்டட்டும். அவர் நடை நாம் அறியாததா? முதலில் மூச்சு வரும், பிறகு தொப்பை வரும், கடைசியில்தான் மந்திரியார் வருவார்."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். "போட்டி வைத்துக்கொள்வோம், குழைக்காதரே. நாளைக்கு நான் பரணில், நீர் தரையில். முதலில் மானைப் பிடித்தவர் வென்றவர். நீர் வென்றால் ஆட்கள் வயலுக்குப் போகலாம். தோற்றால் உம் முத்திரை மோதிரம் வீரகண்டர் விரலுக்குப் போகும்."

"ஒரு சந்தேகம், கோமானே. கொன்றால்தான் வெற்றியா?"

"வேண்டாம். தப்பிப் போக வழியில்லாமல் மடக்கினால் போதும்."

"எந்த மானாக இருந்தாலும் சரிதானே?"

"வாலில்லாத மானாக இருந்தாலும் சரி," என்று வீரகண்டர் முந்திக்கொண்டார். "பிடித்துக் காட்டும் பார்ப்போம்."

மறுநாள் காலை. ராஜாவும் வீரகண்டரும் பரணில் ஏறிச் சுனையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். குழைக்காதர் மிதியடியைக் கழற்றினார். சலசலக்கும் பட்டு மேலாடையை அவிழ்த்து ஒரு புதரில் போட்டார். பரணுக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்தார். அவர் மூச்சு அவருக்கே கொல்லன் துருத்தி மாதிரி கேட்டது. காலடியில் ஒரு சுள்ளி முறிந்தது. அப்படியே சிலையாக நின்றுவிட்டார்.

"ஏதோ சத்தம் கேட்டது," என்றார் மேலே வீரகண்டர்.

"உம் வயிறாக இருக்கும். சும்மா இரும்," என்றார் ராஜா.

அதற்குள் காட்டில் தப்பட்டை முழங்கத் தொடங்கியது. குழைக்காதருக்கு அதுவே துணையாயிற்று. தப்பட்டை முழங்கும்போது நடந்தார், ஓயும்போது நின்றார். மரத்தடிக்கு வந்து ஏணியில் கை வைத்தார். மெல்லச் சாய்த்துப் புல்லில் கிடத்தினார்.

அதே நேரத்தில் சுனைக்கரையில் ஒரு கலைமான் வந்து நின்றது. பரணில் வில் வளையும் ஓசை கேட்டது. குழைக்காதரின் கை வாயருகே போயிற்று. இருமினால் போதும், மான் ஓடிவிடும். ஆனால் அது ராஜாவின் வேட்டையைக் கெடுப்பது, தன் வேட்டையில் வெல்வது ஆகாது. வாயை இறுக மூடிக்கொண்டார்.

வாயை மூடாதவர் வீரகண்டர்தான். "சற்று இடப்பக்கம், கோமானே. இல்லை, வலப்பக்கம். இன்னும் கொஞ்சம் தாழ்த்தி..."

அம்பு தண்ணீரில் விழுந்தது. மான் துள்ளி மறைந்தது.

"நீர் ஊமையாகப் பிறந்திருக்கக் கூடாதா?" என்று சீறிய ராஜா, கீழே இறங்கக் காலை நீட்டினார். கால் வெறுங்காற்றைத் துழாவியது. "ஏணி எங்கே?"

"இங்கே இருக்கிறது, கோமானே." குழைக்காதர் ஏணியின்மேல் உட்கார்ந்து நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "என் வேட்டை முடிந்தது."

"மான் எங்கே?" என்று அதட்டினார் வீரகண்டர்.

"உமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கோமான். மான்களிலே பெரிய மான். தப்பிப் போக வழி இருக்கிறதா, பார்த்துச் சொல்லும். வால் இல்லாவிட்டாலும் சரி என்றவரும் நீர்தானே?"

"இது ராஜதுரோகம்," என்றார் வீரகண்டர்.

குழைக்காதர் ராஜாவை நிமிர்ந்து பார்த்தார். "சொல் விளையாட்டு இருக்கட்டும், கோமானே. இந்தத் தொப்பையைச் சுமந்துகொண்டு நான் இவ்வளவு தூரம் வந்தது தங்களுக்குத் தெரியவில்லை. என் இடத்தில் ஒரு பகைவன் வந்திருந்தால்?"

ராஜா கீழே கிடந்த ஏணியை எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். பரணே ஆடும்படி சிரித்தார். "பிடிபட்டேன், குழைக்காதரே. ஏணியைப் போடும்."

"முதலில் தப்பட்டை நிற்கட்டும், கோமானே."

ராஜாவே கையைக் குவித்துக் கூவினார். "வேட்டை முடிந்தது. எல்லாரும் வயலுக்குப் போங்கள்." தப்பட்டை நின்றது. காடெங்கும் ஆரவாரம் எழுந்தது. அரிவாள் எடுக்க ஆட்கள் ஊரைப் பார்த்து ஓடினார்கள்.

ராஜா இறங்கி வந்து தம் முத்துமாலையை மந்திரியின் கழுத்தில் போட்டார். பின்னாலேயே வீரகண்டரும் காலை நீட்டினார். ராஜா ஏணியை இழுத்துக்கொண்டார்.

"நீர் எங்கே வருகிறீர்? உமக்குத்தான் உயரம் பிடிக்குமே."

"கோமானே, நான் எப்படி இறங்குவது?"

"ஏணி பிடிக்க ஆள் வேண்டுமே. எல்லாரும் அறுவடையில் இருக்கிறார்கள். முடித்துவிட்டு யாராவது வருவார்கள்."

ராஜாவும் மந்திரியும் வரப்பு வழியே பேசிக்கொண்டே நடந்து போனார்கள். அன்று பொழுது சாயும் நேரத்தில் ஒரு மான் கூட்டமே சுனைக்கு வந்து, நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிற்று. பரணிலிருந்து எல்லாம் வெகு தெளிவாகத் தெரிந்ததாம். வில்லைத்தான் ராஜா கையோடு எடுத்துப் போய்விட்டார்.