தொட்டி நிறையும் நேரம்

"கணக்கு இடிக்குது, அம்மா."

குழந்தைவேலு வாளியை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

மடத்துக்கு வருமுன் அவர் கணக்கு வாத்தியார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மடத்தின் குரு செங்கமலத்தம்மை அவரைவிட இளையவர். கீரைப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"எங்கே இடிக்குது?"

"ரெண்டு பேர் இறைச்சா தொட்டி ஒரு மணி நேரத்துல நிறையும். ஒருத்தர் இறைச்சா?"

"நீங்கதான் வாத்தியார்."

"ரெண்டு மணி நேரம். ஆள் பாதியானா நேரம் ரெட்டிப்பு. எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! ஆனா இருளப்பன் போனதிலிருந்து நாலு மணி நேரம் ஆகுது. வெயில் ஏறிடுது. அப்பவும் நிறையல."

இருளப்பன் அவரோடு வெகுகாலம் அந்தக் கிணற்றடியில் நின்றவர். மாசியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

"கிணத்துல தண்ணி இறங்கிருச்சா?"

"அப்படியேதான் கிடக்கு."

"கயிறு?"

"புதுசு. எனக்குத்தான் தெம்பு போச்சு. அனுப்பி வையுங்க, அம்மா. மகன் வீட்டுல ஒரு மூலையில கிடக்கேன்."

அம்மை கை மண்ணைத் தட்டினார்.

"நாளைக்கு நானும் வர்றேன்."

மறுநாள் காலையில் வந்தார். கயிற்றைத் தொடவில்லை. துவைகல்லில் போய் உட்கார்ந்துகொண்டார்.

குழந்தைவேலுவுக்குச் சுருக்கென்றது. வாளியை இறக்கினார்.

"இருளப்பன் நல்லாப் பாடுவாரோ?"

"அவனா? கழுதை தோத்துடும்."

வாளி மேலே வந்தது.

"அப்ப இங்கே என்னதான் செய்வார்?"

"பொய் சொல்லுவான். முதலையை முதுகுல தூக்கிக்கிட்டு ஆத்தைக் கடந்தானாம். ஏன்டா, முதலைக்கு நீந்தத் தெரியாதான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"குட்டி முதலை, பாவம்னான்."

அம்மை வாய்விட்டுச் சிரித்தார். குழந்தைவேலுவும் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. கயிற்றைப் பிடித்தபடி சற்று நேரம் அழுதார். பிறகு இழுத்தார். இன்னொரு பொய்யைச் சொன்னார். இன்னொன்று.

காலில் ஈரம் பட்டது. தொட்டி வழிந்துகொண்டிருந்தது.

இடுப்பு வலிக்கத்தான் செய்தது. ஆனால் வெயில் இன்னும் கிணற்றடிக்கு வரவில்லை.

"பத்து மணிக்கு பஸ் இருக்கு" என்றார் அம்மை. "கிளம்புறீங்களா?"

குழந்தைவேலு தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா... இருளப்பனுக்குத் தோள்வலி. பாதி நாள் அவன் கயித்தையே தொட்டதில்லை."