சர்க்கரைக் கண்ணாடி

மலையடி மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தனிக்குடிலுக்குப் போக விரும்புகிறவர் தம் கையால் சர்க்கரையைக் காய்ச்சி, கண்ணாடிபோல் ஒரு பலகை வார்க்க வேண்டும். மறுநாள் காலையிலும் அது நிமிர்ந்து நின்றால் குடிலின் சாவி கிடைக்கும்.

ஆவுடையப்பன் வார்த்தார். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி, மனிதர்கள் அலுத்துப்போய் மடத்துக்கு வந்தவர் அவர். அவருடைய குரு அருள்நங்கை வயதில் அவரைவிட இளையவர்.

பலகை அழகாக வந்தது. அதன் வழியே பார்த்தால் விளக்கின் திரி தெரிந்தது. எறும்பு வந்துவிடுமே என்று அவருக்குப் பயம். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கல் வைத்து, கல்மேல் பலகையை நிறுத்தி, அலமாரிக்குள் வைத்து மூடினார்.

காலையில் குருவின் முன்னால் திறந்தால், பலகை தோள் சரிந்து கல்லோடு ஒட்டிக் கிடந்தது.

“ஒரு எறும்புகூட வரலை, தாயே.”

“வந்திருந்தால் தேவலை. கொஞ்சம் தின்றுவிட்டுப் போயிருக்கும். நீங்கள் தண்ணீரையல்லவா காவலுக்கு உள்ளே விட்டிருக்கிறீர்கள்?”

ஆவுடையப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. “மூடின அலமாரி. ஈரம் எங்கே போகும்? இதைத்தான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன்.”

“எனக்கும் நடத்துங்களேன்.”

“சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பல கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் அந்தப் பிடிக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பேர். ஆற ஆற, பிடித்த பிடி சீக்கிரம் விடாது. சுற்றி இருப்பவையெல்லாம் பிடித்திருந்தால் நகர ஏது இடம்? லேசாக ஆடலாம், அவ்வளவுதான்.”

“கட்டிப்போட்டது யார்?”

“யாருமில்லை. ஒவ்வொரு பிடியும் ரொம்ப லேசு, தாயே.” அவர் குரல் தணிந்தது. “கற்கண்டில் வரிசை உண்டு. இதில் அதுவும் கிடையாது. நின்ற இடத்தில் நின்றபடி, அகப்பட்ட கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்படியும் அந்தப் பக்கம் இருக்கிற விளக்கு தெரிகிறது.”

“தண்ணீர் என்ன செய்தது?”

“அதற்கும் கை உண்டு. நடுவில் புகுந்து கை நீட்டியது. சர்க்கரையும் கை கொடுத்துவிட்டது. பழைய பிடி தளர்ந்தது, பலகை சரிந்தது.” சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாருங்கள், கண்டவருக்கும் கை கொடுத்தால் இப்படித்தான். அதனால்தான் குடில் கேட்கிறேன். யார் கையும் படாமல் இருந்தால் மனசு அசையாது.”

“சரி” என்றார் அருள்நங்கை. இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். “எல்லாக் கையையும் விடச்சொல்லிப் பார்ப்போம்.”

சரிந்த பலகையை வாணலியில் போட்டு அடுப்பை மூட்டினார். அது இளகி, ஈரம் போய், கொதித்தது. வாணலியை இறக்கி இந்தப் பக்கம் சாய்த்தார். பாகு இந்தப் பக்கம் ஓடியது. அந்தப் பக்கம் சாய்த்தார். அந்தப் பக்கம் ஓடியது.

“இப்போது யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள்?”

“நிலையாக யாரும் யாரையும் பிடிக்கவில்லை, தாயே.”

“ஓடிக்கொண்டே இருக்கிறதே, ஐயா.”

ஆவுடையப்பன் பாகைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியின் பக்கம் அவர் கை போகவில்லை.