கரடித்தோல் போர்த்திய மந்திரி

வெகுகாலத்துக்கு முன்னால், மலையடிவாரத்துச் சீமை ஒன்றை ஆதிகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி அவனுக்கு. ஒருநாள் வேட்டையில் ஒரு கரடியை அம்பெய்து கொன்றான். கிட்டே போய்ப் பார்த்தால், செத்த தாயின் முதுகு மயிரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குட்டிகள் முனகிக்கொண்டிருந்தன. ராஜா இரக்கப்பட்டு இரண்டையும் அரண்மனைக்குக் கொண்டுவந்தான்.

ஒரு குட்டியை மந்திரி இளநாகரிடம் கொடுத்தான். மற்றதை, மந்திரியைக் கண்டாலே வயிறு எரிகிற அரண்மனைக் காரியக்காரர் கூத்தபிரானிடம் கொடுத்தான்.

"காட்டில் பிழைக்கிற மாதிரி வளர்த்துக்கொண்டு வாருங்கள். பிழைக்கத் தெரியாத குட்டி என் வேட்டைநாய்களுக்குத்தான்" என்றான். இரக்கமும் அவன்தான், இந்த உத்தரவும் அவன்தான்!

சில மாதம் கழித்துக் கூத்தபிரான் ஓடிவந்தார். "மகாராஜா, மந்திரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. தாங்களே வந்து பாருங்கள்."

மந்திரியின் தோட்டத்து வேலி இடுக்கில் எட்டிப் பார்த்த ராஜா அசந்துபோனான். ராஜ்ஜியத்தின் முதல் மந்திரி கரடித்தோலைப் போர்த்திக்கொண்டு, நாலு காலில் நடந்து, கறையான் புற்றைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தார். முதுகில் குட்டி சவாரி செய்தது.

"இளநாகரே, என்ன கோலம் இது?"

மந்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டி தூங்கிய பிறகுதான் வெளியே வந்தார்.

"மன்னிக்கவேண்டும். அதன் காதுபட நான் பேசுவதில்லை. மனித வாடையும் குரலும் அதற்குப் பழகக்கூடாது. தாய் முதுகில் ஏறித்தான் கரடிக்குட்டி பிழைக்கக் கற்றுக்கொள்ளும்."

"யார் கொடுத்த தோல் இது?"

"தாங்கள் எய்த தாயின் தோல்தான்."



மழைக்காலம் முடிந்ததும் குட்டிகளை அடைத்த இரண்டு கூண்டுகள் காட்டோரம் வந்தன. "தாங்கள் வில்லில் அம்பு பூட்டி எதிரே நிற்கவேண்டும்" என்றார் மந்திரி. ராஜாவும் நின்றான்.

கூண்டைத் திறந்ததும் மந்திரியின் குட்டி ஆளைக் கண்டு உறுமிவிட்டு ஒரே பாய்ச்சலில் புதருக்குள் மறைந்தது.

கூத்தபிரான் கைகொட்டிச் சிரித்தார். "மரியாதை தெரியாத ஜென்மம். என் பிள்ளையைப் பாருங்கள்."

அவருடைய குட்டி குடுகுடுவென்று ராஜாவை நோக்கி ஓடிவந்தது. அம்பு முனைக்கு நேரே இரண்டு காலில் நின்றது. கையை நெற்றியில் வைத்துச் சலாம் போட்டது. பிறகு, சலாம் போட்டால் கூத்தபிரான் கொடுக்கும் லட்டுக்காக வாயைத் திறந்தது.

"தன் தாயைக் கொன்ற வில் எது என்றுகூட இதற்குத் தெரியவில்லை, மகாராஜா. நாளைக்கு வேறொரு வேடன் இங்கே நிற்பான்" என்றார் மந்திரி.

ராஜா வில்லைக் கீழே போட்டான். குட்டி அதை முகர்ந்து பார்த்துவிட்டு அவன் காலை நக்கியது.

"எவ்வளவு விசுவாசம் பார்த்தீர்களா" என்றார் கூத்தபிரான்.

"வாயை மூடும்" என்றான் ராஜா. "இது காட்டுக்குப் போகிறவரை தினமும் கறையான் தோண்டிக் கொண்டுவருவது உம் வேலை. இதன் காதுபட ஒரு வார்த்தை பேசினால் தலை போகும். வன அதிகாரம் இனி மந்திரிக்கு."

ராஜாவின் பழைய உத்தரவை மறக்காத வேட்டைநாய்க்காரன் பணிவாகக் கேட்டான். "நாய்களை அவிழ்க்கட்டுமா, மகாராஜா?"

ராஜா திடுக்கிட்டுக் குட்டியை வாரி எடுத்தான். அப்புறம்தான் தான் செய்வது உறைத்தது. சட்டென்று அதை மந்திரியின் கையில் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினான்.

"மனிதனைக் கண்டால் ஓட இதற்குக் கற்றுக்கொடும், இளநாகரே. முதலில் என்னைக் கண்டு ஓடட்டும்."