சுவரைப் பார்த்து ஒரு சோலோ

குருவைத் தேடிக் காட்டுக்குப் போனதெல்லாம் அந்தக் காலம். இன்பராஜின் குரு பெரம்பூரில், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தார். பெயர் செலின். கிட்டார் கற்றுக்கொடுப்பார், பழைய பெடல்களைப் பழுது பார்ப்பார். சீடரைவிட வயதில் ரொம்பவே சின்னவர். இன்பராஜ் அதையெல்லாம் பார்ப்பதில்லை. வாய் நிறைய "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். செலின் அவரை "அண்ணா" என்பார்.

புதன்கிழமை காலையில் இன்பராஜ் ஒரு பெரிய பையோடு படியேறி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. பையைத் தரையில் கவிழ்த்தார். காலால் அமுக்கினால் கிட்டாரின் சத்தத்தையே மாற்றிவிடும் இரும்புப் பெடல் பெட்டிகள், எல்லாமே கிட்டத்தட்ட அவர் வயதுடையவை, அறை முழுக்கப் பரவின.

"வரமாட்டேங்குது மாஸ்டர்."

"எது?"

"அந்த டோன்தான்."

மழைக்காலத்திலிருந்து இதே பேச்சுதான். எழுபதுகளில் வந்த ஓர் ஆங்கில ராக் இசைத்தட்டை அப்படியே மேடையில் வாசிப்பதாக இன்பராஜின் குழு ஒப்புக்கொண்டிருந்தது. சனிக்கிழமை கச்சேரி. கடைசிப் பாட்டில் ஒரு கிட்டார் சோலோ உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள். அந்தச் சத்தம் வராமல் போனால், அப்புறம் மேடை ஏற இன்பராஜுக்கு முகம் இருக்காது.

"அதுல வர்ற கரகரப்புக்கு அதே ஃபஸ் பெடல். 'வா-வா'ன்னு இழுக்குறதுக்கு அதே வா பெடல். வருஷம்கூட அதே வருஷம். பேட்டரியைப் பாதி செத்ததாப் பார்த்துப் போட்டேன்."

"பாதி செத்ததாவா?"

"அதுலதான் சத்தம் கனியும்னு சொல்றாங்க."

செலின் சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம். "வாசிச்சா என்ன குறையுது?"

"அடியில ஒண்ணுமே இல்ல. தகரத்தைக் கீறுற மாதிரி கத்துது. ஃபஸ்ஸுக்குள்ள இருக்கிற டிரான்சிஸ்டரை மாத்திப் பாருங்க மாஸ்டர். இப்பவே."

"உங்க குழுவுல என்ன சொல்றாங்க?"

இன்பராஜ் ஜன்னல்வரை நடந்தார். திரும்பி வந்தார். மறுபடியும் ஜன்னலுக்குப் போனார்.

"சீலன் போயிட்டான்."

சீலன் அந்தக் குழுவின் பேஸ் கிட்டார்காரர். கல்லூரியிலிருந்து இன்பராஜோடு வாசிப்பவர். அந்த இசைத்தட்டை முதல் தடவை கேட்டதே இரண்டு பேரும் சேர்ந்துதான்.

"போனாரா? போகச் சொன்னீங்களா?"

"அவன் பேஸ் என் டோனை மூடுது மாஸ்டர். சத்தத்தைக் குறைடான்னேன். குறைச்சான். இன்னும் குறைன்னேன். ஒயரைப் புடுங்கிட்டுக் கிளம்பிட்டான். போனும் எடுக்கல. அன்னிக்குன்னு பார்த்து என் ஃபஸ்ஸும் கெட்டுப்போச்சு போல, முன்னைவிட மெலிஞ்சு போச்சு."

"சனிக்கிழமைக்கு?"

"பேஸைக் கீபோர்டுக்காரன் இடது கையில பார்த்துக்குவான். சீலன் இருந்து மட்டும் என்ன? மூணு மணி நேரம் வாசிச்சாலும் ஒரு சொட்டு வேர்க்காது அவனுக்கு. கண்ணை மூடிக்கிட்டு, வேலையே செய்யாத மாதிரி நிப்பான்."

சொல்லிவிட்டாரே தவிர, சீலன் இல்லாத ஒத்திகை அவருக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. குனிந்து ஒரு பெடலை எடுத்தார், குலுக்கிப் பார்த்தார், கீழே வைத்தார்.

செலின் பெடல்களை வரிசையாக இணைத்தார். கிட்டாரை எடுத்து இன்பராஜ் கையில் கொடுத்தார்.

"அண்ணா, அந்தச் சுவரைப் பார்த்து நில்லுங்க. திரும்பக் கூடாது. சோலோவை வாசிச்சுக்கிட்டே இருங்க. பின்னாடி நான் ஒவ்வொண்ணா மாத்தறேன். வந்துச்சுன்னா சொல்லுங்க."

சுவரில் போன வருஷத்துக் காலண்டர் தொங்கியது. இன்பராஜ் அதைப் பார்த்துக்கொண்டு வாசித்தார். பின்னால் 'டக்'கென்று ஒரு சத்தம்.

"இப்ப?"

"இல்ல."

"இது?"

"மோசம்."

"இது எப்படி?"

"நாராசமா இருக்கு மாஸ்டர். டிரான்சிஸ்டர்தான், நான்தான் சொன்னேனே."

பிறகு கொஞ்ச நேரம் பின்னாலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. இன்பராஜின் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

"என்ன பண்றீங்க?"

"வாசிங்க."

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பாதியில் கீறல் அடங்கியது. சத்தம் தடித்தது, இறங்கியது, அறையின் தரைக்கே வந்து சேர்ந்தது. இன்பராஜுக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"இதுதான்! இதுதான் மாஸ்டர்! எதையும் தொட்டுடாதீங்க!"

கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை. தட்டிக்கொண்டிருந்த கால் எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியாது. கடைசிச் சுரத்தை இழுத்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"எது? எந்தப் பெட்டி?"

ஒரே ஒரு ஃபஸ் மட்டும் இணைப்பில் இருந்தது. மற்ற பெடல்கள் மூலையில் குவிந்து கிடந்தன. செலினின் மடியில் ஒரு பேஸ் கிட்டார் இருந்தது. அதன் ஒயர் மேசைக்கடியில் ஒரு சின்ன ஒலிபெருக்கிக்குப் போனது. இன்பராஜ் வாசித்த அதே சுரங்களைக் கீழ் ஸ்தாயியில், சன்னமாக, கூடவே வாசித்திருக்கிறார்.

கிட்டார் வாசிப்பவருக்கு பேஸ் சத்தம் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். ஆனால் அந்த இசைத்தட்டில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. அவர் காது அதை என்றைக்குமே ஒரே சத்தமாகத்தான் கேட்டிருக்கிறது.

இன்பராஜ் குனிந்து அந்த ஒயரைத் தொட்டுப் பார்த்தார். கீழே பேக்கரியில் யாரோ தட்டுகளை அடுக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் பழைய அவசரம் அவருக்குத் திரும்பிவிட்டது.

"மாஸ்டர், சனிக்கிழமை நீங்களே வந்துடுங்க. இதே மாதிரி கூட நின்னு வாசிச்சாப் போதும்."

செலின் துப்பட்டாவால் நெற்றியைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். மின்விசிறி முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவருடைய குர்தா முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"ஒரு சோலோவுக்கே எப்படி ஊத்துது பாருங்கண்ணா. நீங்க எங்க இழுப்பீங்க, எங்க விடுவீங்கன்னு பயந்துக்கிட்டேதான் வாசிச்சேன்," என்றார். பேஸ் கிட்டாரை மடியிலிருந்து எடுத்து ஓரமாகச் சாய்த்தார்.

"வேலையே செய்யாத மாதிரி நிக்க எனக்கு வராது."